பாயிண்ட் ஒன் செவன் செவனா, பாயிண்ட் டூ டூவா: ஒரு ஃபிட்டரின் கணக்கு

ஏர் ரைஃபிள் வாங்கப் போனபோது கோயம்புத்தூர் கடைக்காரர் முதலில் கேட்டது பட்ஜெட்டை அல்ல. "எதுக்குங்க வேணும்? சும்மா அட்டையில சுடறதுக்கா, இல்ல தோட்டத்துல குரங்கு கிரங்கு வெரட்டவா?" என்றார். அட்டையில் சுடத்தான் என்றேன். "அப்ப ஒன் செவன் செவன் எடுத்துக்குங்க. கொரங்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன்" என்று சிரித்தார். அந்த ஒரு பேச்சிலேயே கடை எனக்குப் பிடித்துவிட்டது.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருடமாக சி.டி.சி. ரோலர், டிரையர், விதரிங் ஃபேன் என்று இதோடுதான் பிழைப்பு. பிப்ரவரியில் வாங்கிய ஏர் ரைஃபிளை ஏழு மாதம் சுட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நம் நாட்டுத் தயாரிப்பு, குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் மாடல், 4.5 மி.மீ. குழல் (அங்குலக் கணக்கில் அதுதான் பாயிண்ட் ஒன் செவன் செவன்), விலை 11,200 ரூபாய். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். இந்த விலையில் கிடைக்கும் எல்லாத் துப்பாக்கிக்கும் ஏறக்குறைய இதே குறைகள்தான் இருக்கும்.

எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தது என்.சி.சி.யில். தொண்ணூறுகளில், ஊட்டியில் காலேஜ் படிக்கும்போது, ஒரு கேம்ப்பில் குப்புறப் படுக்க வைத்து ஐந்து ரவுண்டு கொடுத்தார்கள். பாயிண்ட் டூ டூ ரைஃபிள். தோளில் பெரிய இடி எதுவும் இல்லை. ஆனால் அந்த வெடிமருந்து வாசனை மூக்கை விட்டுப் போகவே இல்லை. ஹவில்தார் பக்கத்தில் உட்கார்ந்து, "மூச்சை அடக்காதே தம்பி, பாதி விட்டுட்டு நிறுத்து" என்றார். ஐந்தில் மூன்று அட்டையில் பட்டது. மீதி இரண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அதனால் நாற்பத்தெட்டு வயதில் கையில் கொஞ்சம் காசு மிஞ்சியபோது, முதலில் விசாரித்தது பாயிண்ட் டூ டூவைத்தான். டூ டூ என்றால் இரண்டு விஷயம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, பித்தளைத் தோட்டாவும் வெடிமருந்தும் உள்ள .22 லாங் ரைஃபிள். 1887-இல் இருந்து இருக்கும் தோட்டா அது. இன்னொன்று, காற்றில் ஓடும் 5.5 மி.மீ. ஏர் ரைஃபிள். பெயரில் ஒன்று, குணத்தில் வேறு. கடையில் போய் "டூ டூ இருக்கா" என்று கேட்டால், எந்த டூ டூ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

தோட்டா போடும் டூ டூவுக்கு லைசென்ஸ் வேண்டும். கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ரிப்போர்ட், பாதுகாப்பாக வைக்க இடம், வருடத்துக்கு இத்தனை தோட்டாதான் என்ற கட்டுப்பாடு, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருவது. எங்கள் பக்கம் எஸ்டேட் பெரியவர் ஒருவரிடம் இஷாப்பூர் ஃபேக்டரியின் .315 ரைஃபிள் இருக்கிறது. அவர் அதைச் சுட்டதைவிட ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் அதிகம் என்பார்.

சரி, லைசென்ஸே கிடைத்தாலும் எங்கே சுடுவது? .22 தோட்டாவின் ஈயக்குண்டு இரண்டரை கிராம் சொச்சம்தான். ஆனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். எங்கள் வீடு சரிவில். கீழே பாதை, பாதைக்குக் கீழே லைன் வீடுகள், அதற்கும் கீழே பள்ளிக்கூடம். முறையான ரேஞ்ச் இல்லாமல் அதைச் சுட நினைப்பதே பைத்தியக்காரத்தனம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி தூக்கம் வராது. அருவங்காட்டு ஃபேக்டரியில் நூறு வருடத்துக்கும் மேலாக வெடிமருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவன்தான் நான். அதற்காக வீட்டுக் கொல்லைக்கு வெடிமருந்து கொண்டுவர வேண்டுமா என்ன?

காற்று டூ டூ, அதாவது 5.5 மி.மீ., அடுத்த ஆசை. ஓட்டை பெரிதாக விழும், அட்டையில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், பெல்லட்டும், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக்குண்டும், விரலில் பிடிக்க வாகாக இருக்கும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது கடையில்தான் தெரிந்தது. 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.-ஐத் தாண்டினாலோ, குண்டின் சக்தி 20 ஜூல் என்ற அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் கட்டாயம். இரண்டுக்கும் உள்ளே இருந்தால் வேண்டாம், அடையாளச் சான்றும் பில்லும் போதும் என்றார் கடைக்காரர். பழைய காலத்து டூ டூ ஏர் கன் ஒன்றை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், நப்பாசையில் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. லைசென்ஸ் விஷயத்தை விட்டுவிட்டால் எது நல்லது என்று பார்ப்போமே என்று ஃபேக்டரி லாக்புக்கின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே பத்து ஜூல் சக்தி என்று வைத்துக்கொள்வோம். 4.5 மி.மீ. பெல்லட் அரை கிராம், நொடிக்கு 200 மீட்டர் போகும். 5.5 பெல்லட் 0.93 கிராம், 150-ஐக்கூடத் தொடாது. இருபது மீட்டர் போவதற்குள் சின்னது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கீழே இறங்கும், பெரியது ஒன்பது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை, எடுத்தால் இரண்டும் இன்னும் கொஞ்சம் இறங்கும். தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாத என்னைப் போன்றவனுக்கு எது மன்னிக்கும் என்று பார்த்தால், சின்னதுதான் மன்னிக்கும். கனமான பெல்லட் தூரத்தில் வேகத்தைக் கொஞ்சம் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது உண்மைதான். எனக்கு இருப்பதோ பத்து மீட்டரும், ஞாயிற்றுக்கிழமை மேல்திட்டில் இருபது மீட்டரும்.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே 4.5 மி.மீ. பெல்லட்டில்தான், பத்து மீட்டரில். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது ஐம்பது மீட்டர், அது பாயிண்ட் டூ டூ தோட்டா. எனவே சின்ன குழல் குழந்தைகள் சாமான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்து மீட்டர் ஒலிம்பிக் அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். நான் ஒரு அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பேனா தெரியாமல் பட்டதுபோல் இருக்கிறது.

இனி காசு. புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கி விலையைத்தான் பார்க்கிறார்கள். அது ஒரு தடவைச் செலவு. பெல்லட்தான் மாதாமாதம் தின்னும். நான் வாங்கிய உள்ளூர் டப்பா 500 பெல்லட் 350 ரூபாய், ஒன்று எழுபது பைசா. ஜெர்மன் டப்பா 500-க்கு 1,100, ஒன்று இரண்டு ரூபாய் இருபது பைசா. சாயங்காலம் ஐம்பது சுட்டால் உள்ளூர் பெல்லட்டில் முப்பத்தைந்து ரூபாய், பஜாரில் இரண்டு டீயும் ஒரு வர்க்கியும். 5.5-இல் பெல்லட்டுக்கு ஈயமே ஏறக்குறைய இரண்டு மடங்கு, விலையும் அதற்கேற்ப ஏறும். வெடிமருந்துத் தோட்டா என்றால் அந்த முப்பத்தைந்து ரூபாயில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சுடப் பழகுவது என்பது நிறையச் சுடுவது. எண்ணிக்கைக்குப் பயந்து சுடுகிறவனுக்குக் கை வராது.

மலிவு டப்பாவில் ஒரு வினை இருக்கிறது. பெல்லட்டைப் பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும், நடுவில் ஒடுங்கி, பின்னால் பாவாடை விரிந்திருக்கும். அந்தப் பாவாடைதான் குழலோடு ஒட்டிக் காற்றைத் தடுக்கிறது. ஈயம் மிருதுவானது. டப்பா குலுங்கினாலே பாவாடை நசுங்கிவிடும். முதல் டப்பாவில் சுட்டவை அட்டையில் எங்கெங்கோ போனதும், என் கை சரியில்லை என்றுதான் நினைத்தேன். நகைக்கடை வைத்திருக்கும் நண்பரின் தராசில் இருபது பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்தோம். 0.46 கிராமில் தொடங்கி 0.55 வரை இருந்தது. ஒரே டப்பா!

வீட்டுக்காரி கலியாணத்துக்கு முன் ஃபேக்டரியில் காம்பு பொறுக்கியவள். தூளில் கிடக்கும் நார் அவள் விரலுக்கு இருட்டிலும் தெரியும். நான் தராசோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் தராசா" என்று ஓட்டைவிழுந்த பழைய முறம் ஒன்றை எடுத்து வந்தாள். டப்பாவைக் கொட்டி, முறத்தைச் சற்றுச் சாய்த்துத் தட்டினாள். நல்ல பெல்லட் எல்லாம் ஒரு பக்கம் வளைந்து உருண்டது. பாவாடை நசுங்கியது மட்டும் நொண்டி நொண்டிப் பாதியில் நின்றது. நின்றதைப் பொறுக்கி எறிந்தாள். ஐந்நூறில் அறுபத்துமூன்று கழிவு. அன்று சாயங்காலமே பத்து மீட்டரில் ஐந்து குண்டு ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது. அந்த முறம் இப்போது பெல்லட்டுக்கு மட்டும்தான், ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. ஈயம் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிலர் பெல்லட்டை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு சுடுவார்கள், பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அட்டைக்கு டோம், அதாவது உருண்டை மூக்கு பெல்லட்டைவிடத் தட்டை மூக்குதான் நல்லது. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் சுத்தமாக வட்டம் வெட்டும். இருபது மீட்டருக்கு உருண்டை மூக்கு. கூர்மூக்கு பெல்லட் பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கிறது, என் துப்பாக்கியில் அது எங்கும் உருப்படியாக விழவில்லை.

துப்பாக்கிக்கு வருகிறேன். மரக்கட்டை நன்றாகவே செதுக்கியிருக்கிறார்கள். குழலின் உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரிகள், அதாவது ரைஃப்ளிங், டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. டிரிகர்தான் கிணற்றில் வாளி இழுப்பதுபோல். இழுக்க இழுக்க வருகிறது, எப்போது வெடிக்கும் என்று தெரியாது. ஆயிரம் சுட்ட பிறகு கொஞ்சம் இளகியது. குறி பார்க்கும் பின்சைட் ஆடியது. முந்நூறு சுடுவதற்குள் கட்டையைப் பிடிக்கும் முன் ஸ்க்ரூ இரண்டும் கழன்று, குண்டு இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் போய் அடிக்கும் அதிர்ச்சி அப்படி. ஸ்க்ரூவைக் கழற்றி, துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு பொட்டு வைத்து முறுக்கினேன். அதோடு சரி. இதைக் கம்பெனியே செய்து அனுப்பியிருக்கலாம், ஒரு துளிக்கு என்ன செலவு ஆகிவிடப்போகிறது?

துப்பாக்கி வந்த டப்பாவில் நொடிக்கு 300 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அது எடை குறைந்த பெல்லட்டை வைத்து, தரைமட்டத்தில் எடுத்த கணக்காக இருக்கும். எங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஸ்பிரிங் துப்பாக்கி வெளிக்காற்றைத்தான் உறிஞ்சி அழுத்துகிறது. காற்றே இளைத்திருந்தால் வேகமும் கொஞ்சம் இளைக்கும். குக்கரில் பருப்பு வேகாததற்கு மலையைத் திட்டும் சனம், இதற்கும் மலையைத் திட்டிக்கொள்ளலாம். அட்டையில் சுட அந்த வேகமே தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் நொடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன.

பிடிப்பதில் ஒரு சங்கதி. என்.சி.சி.யில் சொல்லிக்கொடுத்ததுபோல் தோளோடு இறுக்கிப் பிடித்தால் இது அடம் பிடிக்கும். பிஸ்டன் அடிக்கும்போது துப்பாக்கி தன் போக்கில் பின்னும் முன்னும் குதிக்க வேண்டும். உள்ளங்கையைத் திறந்து அதன்மேல் சும்மா கிடத்தி, தூங்கும் குழந்தையைத் தாங்குவதுபோல் விட்டுவிட்டால் குண்டு ஒரே இடத்தில் விழுகிறது. இது எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. வீட்டுக்காரி முதல் நாளே அப்படித்தான் பிடித்தாள், இறுக்கிப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் தப்பு ஒன்றும் உண்டு. மே மாதம் ஒரு நாள், ஃபிட்டர் புத்தி, காற்று வரும் துவாரத்தில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன். அடுத்த குண்டுக்குப் பட்டாசு மாதிரி டமார் என்று சத்தம், குழலில் நீலப் புகை. பக்கத்து வீட்டு அண்ணன் முட்டைக்கோஸ் பாத்தியை விட்டு ஓடி வந்தார். அழுத்தத்தில் சூடேறி எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி தீப்பிடித்திருக்கிறது. சீலும் ஸ்பிரிங்கும் போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். எண்ணெய் குழலின் வெளியே மட்டும், துணியில் தொட்டுத் துடைக்கத்தான். அதை மறக்காமல் செய்ய வேண்டும். ஆகஸ்ட் மூடுபனியில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டேன், குழலின்மேல் காபிப்பொடி தூவியதுபோல் துரு. உறைக்குள் போட்டு மூடி வைப்பது இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெறும் சட்டத்தில் நிறுத்தி, அறையைப் பூட்டி வைக்கிறேன்.

பெல்லட் இல்லாமல் சும்மா சுடக் கூடாது, பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். பெல்லட் வைக்கும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டு அது மேலே சொடுக்கினால் கட்டைவிரலுக்கு உத்தரவாதம் இல்லை.

சுடும் இடத்துக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட பழைய பிளைவுட் தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. பின்பக்கம் இரண்டு அடுக்கு கன்வேயர் பெல்ட் ரப்பர், அதற்கு முன்னால் இறுக்கி அடைத்த கிழிந்த சாக்கு. முன்னால் அட்டை. பெட்டிக்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு, அதன்மேல் வழி கிடையாது. இரும்புத் தகட்டை வைத்துவிடாதீர்கள். பத்து மீட்டரில் ஈயம் சிதறித் திரும்பி வரும், எனக்கு ஒரு தடவை நெற்றியில் சுரீர் என்றது. அன்றிலிருந்து வெல்டிங் ஷாப்பில் போடும் தெளிந்த கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஐந்து மணிக்கு மேல் சுடுவதில்லை. மூடுபனி இறங்கினாலும் நிறுத்திவிடுவோம். ஜூலையில் ஒரு சாயங்காலம் காட்டெருமை மூன்று, தேயிலைக்குள் இடுப்பளவு மறைந்து, பெட்டிக்கு முப்பது அடி தள்ளி நின்றன. எப்போது வந்தன என்று இருவருக்கும் தெரியாது. துப்பாக்கியை இறக்கி, குண்டை எடுத்து, சத்தம் போடாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஊரில் எல்லோரும் கேட்பதும் இதுதான்: "பேரிக்காய் மரத்துக் குரங்குக்கு ஒண்ணு விடலாமில்ல?" விடக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம். அதைவிட, இந்தச் சின்னக் குண்டு எதையும் நல்லபடியாகக் கொல்லாது, உள்ளே தங்கிச் சீழ் வைக்கும். குருவிக்கும் அதே பதில். சரணாலயம், புலிகள் காப்பகம் பக்கம் போகும்போது காரில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து நான் கொண்டுவந்த அன்று குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் உறையைத் திறக்கச் சொன்னார்கள். பில்லைக் காட்டினேன், படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பில்லை லேமினேட் செய்து உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. மாடல் குதிக்காது, டிரிகரும் வெண்ணெய் மாதிரி என்கிறார்கள். துப்பாக்கியோடு பம்ப்பும் வாங்க வேண்டும். என் பட்ஜெட் 15,000, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன வாரம் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து ஈயத்தைப் பொறுக்கினோம். மண்ணில் விட்டால் மழைக்குக் கீழே தோட்டத்துக்குத்தான் போகும். இதுவரை சுட்டது சரியாக 2,000 பெல்லட், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வந்திருக்க வேண்டும். தராசில் 940 கிராம்தான் காட்டியது. குறையும் எண்பது கிராம் என்றால் நூற்றைம்பது பெல்லட் பெட்டியையே தொடாமல் மண்மேட்டுக்குப் போயிருக்கிறது. அதில் தன்னுடையது ஒன்றுகூட இல்லை என்று வீட்டுக்காரி சொல்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை சல்லடையோடு மேட்டைக் கிளறப் போகிறேன்.